பிரிந்த நகரில் ஒரு பொது ஆவணக் காப்பகம்: பெல்ஃபாஸ்டை முன்வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டடக்கலை மாணவர்கள் இறுதியாண்டுத் தீசிஸுக்கு விரும்பி எடுக்கும் தலைப்புகளில் இதுவும் ஒன்று. கேள்விகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வருகின்றன. பிரிந்த நகரம் என்று பொதுவாகப் பேச ஆரம்பித்தால் பேச்சு சீக்கிரமே கவிதையாகிவிடும். அதனால் வட அயர்லாந்தின் தலைநகரான பெல்ஃபாஸ்டை எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். மற்ற நகரங்கள் தேவைப்படும் இடத்தில் மட்டும் வரும்.

பெல்ஃபாஸ்ட் எந்த வகையில் பிரிந்த நகரம்?

பிரிட்டனோடு இணைந்தே இருக்க வேண்டும் என்பவர்கள் ஒரு பக்கம். பெரும்பாலும் புராட்டஸ்டன்ட் பின்னணி. அயர்லாந்து ஒன்றாக வேண்டும் என்பவர்கள் மறுபக்கம். பெரும்பாலும் கத்தோலிக்கப் பின்னணி. 1960களின் இறுதியில் வெடித்த மோதல் முப்பது ஆண்டு நீடித்து 3,500 பேருக்கு மேல் பலி வாங்கியது. 1998-இல் புனித வெள்ளி உடன்பாடு ஏற்பட்டது.

பெர்லினைப் போல நகரை இரண்டாக அறுத்த ஒற்றைச் சுவர் இங்கே இல்லை. தெருவுக்குத் தெரு துண்டு துண்டாகச் சுவர்கள். 1969-இல் கத்தோலிக்கர் வாழும் ஃபால்ஸ் சாலைக்கும் புராட்டஸ்டன்ட்கள் வாழும் ஷாங்கில் சாலைக்கும் நடுவே ராணுவம் தற்காலிகமாகப் போட்ட தடுப்பு பின்னாளில் செங்கல்லாகவும் இரும்புத் தகடாகவும் கம்பிவலையாகவும் மேலே மேலே வளர்ந்தது. 'சமாதானச் சுவர்' என்பது அதன் பெயர். உடன்பாட்டுக்குப் பிறகும் புதிய சுவர்கள் எழுந்தன. 2023-க்குள் எல்லாவற்றையும் அகற்றிவிடுவோம் என்று 2013-இல் அரசு வைத்த இலக்கு நிறைவேறவில்லை. வடக்கு பெல்ஃபாஸ்டின் அலெக்சாண்ட்ரா பூங்காவுக்கு நடுவிலேயே 1994-இல் சுவர் வைத்தார்கள். 2011-இல் அதில் ஒரு கதவு திறந்தார்கள், அதுவும் பகல் நேரத்துக்கு மட்டும்.

சுவரை மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். அரசு வாடகைக் குடியிருப்புகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் ஏதாவது ஒரு தரப்பார் மட்டுமே வாழும் பகுதிகளில் இருக்கின்றன. பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் தங்கள் தரப்புப் பள்ளிகளில் படிக்கிறார்கள். 1980களின் தொடக்கத்தில் போட்ட வெஸ்ட்லிங்க் விரைவுச்சாலை மேற்கு பெல்ஃபாஸ்டை நகர மையத்திலிருந்து வெட்டிவிட்டது. தார் ரோடு என்பதால் அதை யாரும் சுவர் என்று சொல்வதில்லை.

காப்பகத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஒரு சமுதாயக் கூடமோ நூலகமோ போதாதா?

நூலகத்தில் இருப்பது அச்சடித்த நூல். ஒரு பிரதி போனால் இன்னொன்று வாங்கலாம். காப்பகத்தில் இருப்பது ஒரே ஒரு பிரதி. நிலப் பத்திரம், நீதிமன்றக் கோப்பு, மரண விசாரணை அறிக்கை, அமைச்சரவைக் குறிப்பு, தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு. என்ன நடந்தது என்பதில் இரண்டு தரப்பும் ஒத்துப்போகாத ஊரில், நடந்ததை எழுதிவைத்த தாள் எங்கே இருக்கிறது, சாவி யாரிடம் என்பதெல்லாம் அரசியல் கேள்விகள். சமுதாயக் கூடத்தில் யாரும் வழக்குக்கு ஆதாரம் தேடுவதில்லை.

இப்போதுள்ள காப்பகம் எப்படி உருவானது?

தீயில் பிறந்தது என்றே சொல்லலாம். 1922-இல் டப்ளினில் உள்நாட்டுப் போர் மூண்டபோது, பிரிட்டனோடு 1921-இல் செய்த உடன்படிக்கையை எதிர்த்தவர்கள் ஃபோர் கோர்ட்ஸ் என்ற நீதிமன்ற வளாகத்தைப் பிடித்து வைத்திருந்தார்கள். அந்த வளாகத்தில்தான் அயர்லாந்து முழுமைக்குமான பொது ஆவண அலுவலகம் இருந்தது. ஜூன் 30 அன்று அது வெடித்து எரிந்தது. எழுநூறு ஆண்டு ஆவணங்களில் பெரும்பகுதி சாம்பலாயிற்று. கருகிய தாள்கள் நகரமெங்கும் பறந்து விழுந்தன. வெடித்தது குண்டுவீச்சாலா, உள்ளே வைத்திருந்த வெடிமருந்தாலா என்று இன்றும் தர்க்கம் ஓயவில்லை.

மறு ஆண்டு, 1923-இல், வட அயர்லாந்து தனக்கென ஒரு பொது ஆவண அலுவலகத்தைச் சட்டம் போட்டு நிறுவியது. அதன் முதல் தலைவர் டி. ஏ. சார்ட், டப்ளின் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். எரிந்துபோனதை ஈடுகட்ட அவர் வழக்கறிஞர் அலுவலகங்களையும் பழைய ஜமீன் குடும்பங்களையும் தேடிப் போய்த் தாள்களைச் சேர்த்தார். அரசு ஆவணத்தோடு தனியார் ஆவணமும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் வழக்கம் அங்கிருந்து வந்தது. அலுவலகம் முதலில் மர்ரி தெரு, 1933-இல் நீதிமன்றக் கட்டடம், 1972-இல் பால்மோரல் அவென்யூ என்று இடம் மாறி, 2011-இல் பழைய கப்பல் கட்டும் தளமான டைட்டானிக் குவார்ட்டரில் புதிதாகக் கட்டிய இடத்துக்குப் போனது.

டப்ளின் தீயிலிருந்து வரைபடத்துக்கு ஏதாவது பாடம் உண்டா?

உண்டு. இதைத் தீசிஸில் சேர்க்காமல் விடுபவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியம்தான். 1860களில் கட்டிய அந்த அலுவலகம் இரண்டு தனிக் கட்டடங்களாக இருந்தது. ஆவணங்கள் வைக்கும் பெட்டகம் ஒன்று; மக்கள் வந்து வாசிக்கும் அறையும் அலுவலர் அறைகளும் இன்னொன்று. நடுவே தீ தாவாதபடி இடைவெளி விட்டிருந்தார்கள். வாசிப்பறையில் தீப்பிடித்தால் பெட்டகத்துக்குப் பரவக்கூடாது என்பது கணக்கு. நடந்தது தலைகீழ். பெட்டகம் எரிந்தது, வாசிப்பறை தப்பியது. அதற்கு முன் யாரோ பார்ப்பதற்காக எடுத்து வந்து வாசிப்பறையில் வைத்திருந்த ஆவணங்கள் பிழைத்தன.

தாளுக்கு ஒரு கட்டடம், மனிதருக்கு ஒரு கட்டடம், நடுவே ஓர் இடைவெளி என்ற இந்த அமைப்பு பிரிந்த நகரின் காப்பகத்துக்கு இன்றும் மிகச் சரியான தொடக்கம் என்பது என் கருத்து. ஏன் என்பது அடுத்த இரண்டு பதில்களில் தெரியும்.

இன்னொன்று. அந்தப் பெட்டகத்தைப் போராளிகள் வெடிமருந்துக் கிடங்காகப் பயன்படுத்தினார்கள். கெட்டியான சுவர், சிறிய திறப்புகள், நகர மையம். ராணுவக் கண்ணுக்குக் காப்பகம் எப்படித் தெரியும் என்பதை வடிவமைப்பவர் ஒருமுறையாவது யோசிக்க வேண்டும்.

கிடங்குப் பகுதிக்கு அடிப்படைத் தேவைகள் என்னென்ன?

சுருக்கமாக: பகல் வெளிச்சம் கூடாது. வெப்பமும் ஈரப்பதமும் திடீரென ஏறி இறங்கக் கூடாது; ஒரு டிகிரி கூடக்குறைய இருப்பதைவிட ஏற்ற இறக்கம்தான் தாளுக்குப் பகை. பிரிட்டனில் நெடுநாள் வழக்கிலிருந்த பிஎஸ் 5454 தரநிலை சுவருக்கும் கதவுக்கும் நான்கு மணி நேரம் தீயைத் தாங்கும் திறன் கேட்டது. தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் கிடங்கின் மேலே போகவே கூடாது. தண்டவாளத்தில் நகரும் காம்பாக்டர் அலமாரி வைத்தால் தளம் தாங்க வேண்டிய எடை சாதாரண அலுவலகத்தைவிடப் பல மடங்கு ஆகிவிடும். ஸ்ட்ரக்சரல் இன்ஜினியரை முதல் வாரத்திலேயே கூப்பிடுங்கள்.

பெல்ஃபாஸ்டின் மண் வேறு தொல்லை கொடுக்கும். நகர மையத்துக்குக் கீழே கிடப்பது முகத்துவாரத்துச் சேற்றுக் களிமண். அதே மண்ணில் நிற்கும் ஆல்பர்ட் மணிக்கூண்டு ஒரு மீட்டருக்கு மேல் சாய்ந்திருப்பதை யாரும் போய்ப் பார்க்கலாம். ஆழமான பைல், அதாவது மண்ணுக்குள் இறக்கும் அஸ்திவாரத் தூண், போட்டாக வேண்டும். அடித்தளத்தில் கிடங்கு வைக்கும் யோசனை இருந்தால் அழித்துவிடுங்கள். ஆற்றோரத்தில் ஆவணத்தைக் கீழே வைப்பது தற்கொலை.

ஆறுதல் ஒன்று உண்டு. அந்த ஊர் குளிர்ந்த ஊர். தடித்த சுவரும் காற்றுக் கசியாத கட்டுமானமும் இருந்தால் ஏசி பெரிதாகத் தேவைப்படாது. இங்கிலாந்தின் ஹெரிஃபோர்டு ஆவணக் காப்பகம் மிகக் குறைந்த எரிசக்தியில் இயங்கும் பாசிவ்ஹவுஸ் முறையில் 2015-இல் இதைச் செய்து காட்டியது.

ஜன்னலில்லாத கனமான பெட்டி என்றால், பார்க்கக் காவல் நிலையம் போல இருக்காதா?

இருக்கும். இந்தத் தலைப்பின் உண்மையான முடிச்சே இங்கேதான்.

மோதல் காலத்து பெல்ஃபாஸ்டில் காவல் நிலையம் என்றால் உயரமான மதில், தகரத் தடுப்பு, கம்பிவலை, கண்காணிப்புக் கோபுரம். அதைப் பார்த்தே வளர்ந்தவருக்கு ஜன்னலில்லாத செங்கல் முகப்பு வெறும் வடிவமாகத் தெரியாது. ஆவணமோ தன் இயல்பிலேயே அந்த முகப்பைத்தான் கேட்கிறது. நிறைய மாணவர்கள் இங்கே தடுக்கி விழுந்து, கிடங்கையே கண்ணாடியில் போர்த்தி, 'நினைவுகளின் விளக்கு' என்று பெயரும் வைத்துவிடுகிறார்கள். அந்த விளக்கில் பத்து ஆண்டில் தாள் மஞ்சளாகும்.

கிடங்கை மறைக்கவும் வேண்டாம், பகட்டாகக் காட்டவும் வேண்டாம். அதை உள்பக்கம் தள்ளி அல்லது மேலே தூக்கி வைத்துவிட்டு, தெருவைத் தொடும் விளிம்பு முழுவதையும் மனிதர்கள் இருக்கும் அறைகளுக்குக் கொடுங்கள். வாசிப்பறை, காபிக் கடை, கண்காட்சி, பள்ளிப் பிள்ளைகளுக்கான வகுப்பறை, தாள் பழுதுபார்க்கும் பட்டறை. டப்ளினின் அந்த இடைவெளி இங்கே உதவும். தெருவில் நடப்பவருக்கு முதலில் ஆட்கள் தெரிவார்கள், பின்னால்தான் பெட்டி தெரியும். பட்டறையைத் தெருவோரம் வைப்பது எனக்குப் பிடித்த யோசனை: கிழிந்த தாளை ஜப்பானியக் காகிதத்தால் ஒட்டுபவர் எந்தத் தரப்பு என்று யாரும் கேட்கப்போவதில்லை. வடக்கு வெளிச்சம் கிடைக்கும் பக்கமாகப் பார்த்து வையுங்கள்.

எந்த இடத்தில் கட்டுவது? சுவர் இருக்கும் எல்லையிலேயே கட்டினால் அர்த்தமுள்ளதாக இருக்காதா?

தீசிஸ் ஜூரியில் கைதட்டல் கிடைக்கும். எல்லையோர வீட்டில் வாழ்பவரைக் கேட்டால் வேறு பதில் வரும். ஃபால்ஸையும் ஷாங்கிலையும் இணைக்கும் லானார்க் வே வாயிற்கதவு இரவில் பூட்டப்படும். 2021 ஏப்ரலில் அங்கே கலவரம் நடந்தது, ஒரு பேருந்தைக் கொளுத்தினார்கள். ஒரே பிரதி ஆவணங்களை அந்த இடத்துக்குக் கொண்டுபோய் வைக்க எந்தக் காப்பாளரும் ஒப்பமாட்டார்.

எல்லைக்கு நடுவே ஒரு கட்டடம் வாழ முடியும் என்பதற்கு நிக்கோசியா சாட்சி. சைப்ரஸின் அந்தத் தலைநகரில் ஐ.நா. பொறுப்பிலுள்ள இடைப்பகுதியில், லெட்ரா பேலஸ் ஹோட்டலுக்கு எதிரே, 2011-இல் 'ஒத்துழைப்பு இல்லம்' திறந்தார்கள். கிரேக்க, துருக்கியத் தரப்பு வரலாற்று ஆர்வலர்கள் சேர்ந்து ஒரு பழைய கட்டடத்தைச் செப்பனிட்டு உருவாக்கியது. காபிக் கடை, கூட்ட அறை, சிறு ஆவணத் தொகுப்பு எல்லாம் உண்டு. ஆனால் அது இயங்குவது இரண்டு தரப்பின் கட்டுப்பாட்டிலும் இல்லாத நிலம், ஐ.நா. படை என்ற இரண்டு ஏற்பாடுகளின் மேல். பெல்ஃபாஸ்டில் இரண்டும் இல்லை.

மறு கோடியில் டைட்டானிக் குவார்ட்டர். பழைய தொழிற்சாலை நிலம், எந்தத் தரப்பின் பழைய குடியிருப்பும் அதற்குள் இல்லை, ரயில் நிலையம் உண்டு, பேருந்து உண்டு. நடுநிலையான இடம் என்றுதான் சொல்வார்கள். பதிவேட்டைப் புரட்டினால் 1920 ஜூலையில் அதே கப்பல் தளத்திலிருந்து ஆயிரக்கணக்கான கத்தோலிக்கத் தொழிலாளர்களை அடித்து விரட்டிய கதை வரும். அவர்களோடு, தொழிற்சங்கச் சார்புள்ள புராட்டஸ்டன்ட்களையும் விரட்டினார்கள். அந்த ஊரில் வரலாறு ஒட்டாத நிலம் என்று ஒன்று கிடையாது. எல்லோருக்கும் ஓரளவு தூரமான நிலம் மட்டுமே கிடைக்கும். காப்பகத்துக்கு அது மோசமான தேர்வு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் குறைந்த பேரே வாழும் இடத்தில் தற்செயலாக உள்ளே வருபவரும் குறைவு. பெரும்பாலும் தேடி வருபவரே வருவார்.

என்னைக் கேட்டால் நகர மையத்தின் விளிம்பு. இரண்டு தரப்பும் சம்பளம் வாங்கவும் செருப்பு வாங்கவும் வரும் இடம் மையம்தான். ஒரே பேருந்தில் வர முடிகிறதா என்று பாருங்கள். 2018-இல் தொடங்கிய கிளைடர் ஜி1 பேருந்து கிழக்கையும் மேற்கையும் மையம் வழியாக இணைக்கிறது. அந்தத் தடத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் ஒரு மனை கிடைத்தால், எல்லைச் சுவரில் கட்டும் எந்தக் குறியீட்டையும்விட அது உபயோகமானது.

இரண்டு பகுதிகளுக்கும் இரண்டு வாசல் வைக்கலாமா?

வேண்டாம். ஒரே ஆண்டில் ஒன்று 'அவர்கள் வாசல்' ஆகிவிடும், இன்னொன்று 'நம் வாசல்'. ஒரே வாசல், அதற்கு வந்து சேரும் பல வழிகள். எந்த வழியாக வந்தார் என்பது வாசலில் நிற்பவருக்குத் தெரியாத அளவுக்கு முன்னால் ஒரு சதுக்கமோ திண்ணையோ இருந்தால் போதும்.

கண்ணாடி வைத்தால் வெளிப்படைத்தன்மை கிடைக்கும் என்கிறார்களே?

பொருளுக்கும் குணத்துக்கும் முடிச்சுப் போடும் பழக்கம் இது. கண்ணாடிக் கட்டடத்திலும் கோப்பை மூடிவைக்கலாம். எத்தனையோ அரசு அலுவலகங்கள் அப்படித்தான் இருக்கின்றன. தெருவிலிருந்து வாசிப்பறைக்குள் நேரே தெரிந்தால் உள்ளே உட்கார்ந்திருப்பவர் யார் என்பதும் தெரியும். சிலருக்கு அது ஆபத்து. வரவேற்புப் பகுதியில் கண்ணாடி தாராளமாக இருக்கட்டும். வாசிப்பறைக்கு வெளிச்சம் மேலிருந்தோ, ஆள் உயரத்துக்கு மேலுள்ள ஜன்னலிலிருந்தோ வரட்டும்.

நிறம், கொடி, பெயர்ப்பலகை மொழி?

நடைபாதைக் கல்லுக்கே பிரிட்டிஷ் கொடியின் சிவப்பு வெள்ளை நீலம் என்றும் அயர்லாந்துக் கொடியின் பச்சை வெள்ளை ஆரஞ்சு என்றும் வண்ணம் பூசும் ஊர். வரவேற்பறையில் ஆரஞ்சு டைல்ஸ் போட்டால் பேச்சு கிளம்பும். செங்கல் இரண்டு தரப்புக்கும் பொது: மில், வீடு, தேவாலயம் எல்லாமே அதில்தான் கட்டியிருக்கிறார்கள். செங்கல்லுக்கே என் ஓட்டு, சமாதானச் சுவர்களிலும் அதே செங்கல் இருந்தாலும்.

கொடிக்கம்பத்தை வரைவதற்கு முன் 2012 டிசம்பரை நினைத்துக்கொள்ளுங்கள். நகர மண்டபத்தில் பிரிட்டிஷ் கொடியைக் குறிப்பிட்ட சில நாட்களில் மட்டும் ஏற்றுவது என்று மாநகர சபை வாக்களித்ததும் மாதக்கணக்கில் தெருப் போராட்டம் நடந்தது. கம்பமே இல்லாமல் விடுவது நல்லது.

கல்வெட்டு வாசகம் இன்னும் கஷ்டம். சரயேவோவில் 1992 ஆகஸ்டில் எரிக்கப்பட்ட தேசிய நூலகக் கட்டடத்தை 2014-இல் மீண்டும் திறந்தார்கள். வாசலில் உள்ள பலகை எரித்தவர்களைச் செர்பியக் குற்றவாளிகள் என்று இனப் பெயரோடு குறிக்கிறது. எரித்தவர்கள் யார் என்பதில் பலகைக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு செர்பிய மாணவி வந்தால் அந்தப் பலகையைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். கல்லில் வெட்டுவதைக் குறைத்து, மாற்றக்கூடிய கண்காட்சிப் பலகையில் சொல்லலாம்.

உள்ளே வரும் ஒருவருக்கு முதல் பத்து நிமிடத்தில் என்ன நடக்க வேண்டும்?

வரைபடத்தில் யாரும் கவனிக்காத இடம் இது. எந்தக் காப்பகத்திலும் நடைமுறை ஒன்றுதான்: பையை லாக்கரில் வை, பேனாவை விடு, பென்சில் எடு, அடையாள அட்டை காட்டு, பெயரும் முகவரியும் எழுது. நமக்கு இது சாதாரணம். பெல்ஃபாஸ்டில் பெயரும் தெருவும் படித்த பள்ளியும் தெரிந்தால் ஆள் எந்தத் தரப்பு என்று அநேகமாகச் சொல்லிவிடுவார்கள். ஷான் என்ற கத்தோலிக்கப் பெயரையும் வில்லியம் என்ற புராட்டஸ்டன்ட் பெயரையும் கவுன்ட்டரில் உரக்கக் கூப்பிட்டால் வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் தகவல் போய்விடும்.

அதனால் பதிவு மேசையை வரிசையிலிருந்து தள்ளி, பக்கத்தில் நிற்பவர் காதில் விழாத தூரத்தில் வையுங்கள். மேலே ஒலியை உறிஞ்சும் கூரை. கோப்பு வந்ததும் பெயரைக் கூப்பிடாமல் மேசை எண்ணைத் திரையில் காட்டட்டும். காவலாளி வேண்டும், ஆனால் பையைத் துழாவும் மேடையை வாசலுக்கு நேரே போடாதீர்கள். நகர மையக் கடைகளுக்குள் நுழையும் ஒவ்வொருவரையும் சோதனை போட்ட காலத்தை ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் மறக்கவில்லை. முதலில் காபி வாசனையும் கண்காட்சியும், அதற்குப் பிறகு லாக்கர், அதற்குப் பிறகே அடையாள அட்டை. எதையும் வாசிக்காமல் கழிப்பறைக்கு மட்டும் வந்து போக முடிந்தால் அது நல்ல பொதுக் கட்டடம்.

தன் வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர் அந்த வழக்கின் கோப்பைப் பார்க்க வந்தால்?

பெர்லினில் இதற்கு அனுபவம் உண்டு. கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறையான ஸ்டாசி விட்டுப்போன கோப்புகளை வரிசையாக அடுக்கினால் 111 கிலோமீட்டர். 1992 ஜனவரியிலிருந்து தன் மேல் எழுதிய கோப்பைத் தானே வாசிக்கும் உரிமை மக்களுக்குக் கிடைத்தது. தன்னைக் காட்டிக்கொடுத்தது கணவர் என்றும் உயிர் நண்பன் என்றும் அங்கே உட்கார்ந்துதான் சிலர் தெரிந்துகொண்டார்கள்.

பெல்ஃபாஸ்டிலும் மரண விசாரணைக் கோப்புகளும் நீதிமன்றக் கோப்புகளும் காப்பகத்தில் இருக்கின்றன. பல இன்னும் மூடியே உள்ளன. திறக்கும்போது அதைப் பொது வாசிப்பறையில், குடும்ப மரம் தேடும் சுற்றுலாப் பயணியின் பக்கத்து மேசையில் வைத்துக் கொடுப்பது கொடுமை. மூன்று நான்கு பேர் உட்காரும் சிறிய அறைகள் வேண்டும். உள்ளே ஜன்னல் வேண்டும், முடிந்தால் ஒரு மரம் தெரியும்படி. கோப்பைக் கண்காணிக்க அலுவலர் பார்க்க முடிய வேண்டும், பிறர் பார்க்கக் கூடாது. அழுத முகத்தோடு கூடத்தின் நடுவே நடந்து போகாமல் வெளியேற ஒரு வழி வேண்டும். பக்கத்திலேயே கழிப்பறையும் தண்ணீரும். இந்த அறையை ஒழுங்காக வரைந்தவருக்குக் கட்டடம் பாதி புரிந்துவிட்டது என்று நான் மதிப்பெண் போடுவேன்.

தினசரி வருபவர்கள் யார்? எல்லோரும் மோதலைப் பற்றித்தான் தேடுகிறார்களா?

இல்லவே இல்லை. பெரும்பாலோர் தாத்தா பாட்டியைத் தேடி வருபவர்கள். அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வருவார்கள், ஷாங்கிலிலிருந்தும் வருவார்கள். 1912 செப்டம்பர் 28 அன்று அயர்லாந்து சுயாட்சிக்கு எதிராக அல்ஸ்டர் உடன்படிக்கையில் 2,37,368 ஆண்களும், அதற்கு இணையான பிரகடனத்தில் 2,34,046 பெண்களும் ஒப்பமிட்டார்கள். அந்தத் தாள்கள் காப்பகத்தில் இருக்கின்றன. தன் கொள்ளுத்தாத்தாவின் கையெழுத்தைக் காணப் பெருமையோடு வருபவர், அடுத்த பெட்டியில் கத்தோலிக்கத் தேவாலயப் பதிவின் மைக்ரோஃபிலிமில் கொள்ளுப்பாட்டியைக் கண்டுபிடிப்பதும் நடக்கக்கூடியதே. கலப்புத் திருமணம் அந்த ஊருக்குப் புதிதல்ல. வீட்டில் சொல்லவில்லை, அவ்வளவுதான். இரண்டு தரப்பையும் ஒரே மேசையில் உட்காரவைக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது: பெரிய பொது மேசையைக் குடும்ப வரலாற்றுப் பகுதியில் போடுங்கள், 'நல்லிணக்க அறை' என்று தனியாக ஒன்று கட்டாதீர்கள்.

எல்லாத் தரப்பின் ஆவணத்தையும் ஒரே இடத்தில் சேர்ப்பது நடக்கிற காரியமா?

நடந்திருக்கிறது. நகர மண்டபத்துக்கு எதிரே உள்ள லினன் ஹால் நூலகம் 1788-இல் தொடங்கியது. அதன் ஆரம்பகால நூலகர்களில் ஒருவரான தாமஸ் ரஸ்ஸல் 1803-இல் கிளர்ச்சிக்காகத் தூக்கிலிடப்பட்டவர், ஆக அரசியல் அந்த இடத்துக்குப் பழக்கமானதுதான். 1968-இல் நூலகர் ஜிம்மி விட்டியின் கையில் ஒரு மதுக்கடையில் யாரோ குடிமை உரிமைத் துண்டுப்பிரசுரம் ஒன்றைத் திணித்தார்கள். அவர் அதை வீசவில்லை, சேர்த்துவைத்தார். அங்கிருந்து வளர்ந்த தொகுப்பில் இன்று இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட பொருட்கள்: போஸ்டர், பேட்ஜ், கட்சி மலர், ஆயுதக் குழுக்களின் வாழ்த்து அட்டை, சிறையிலிருந்து கடத்திய பொடி எழுத்துக் கடிதம். எல்லாத் தரப்பும் கொண்டுவந்து கொடுத்தார்கள், ஏனென்றால் எதிர்த்தரப்பின் தாளும் அங்கே இருந்தது. பிரம்மாண்டக் கட்டடம் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. கூட்டிப் பெருக்கித் தள்ள வேண்டிய காகிதத்தை வாங்கிக்கொள்ள ஒரு மேசை இருந்தது. உங்கள் வடிவமைப்பிலும் ஆவணம் கொடுக்க வருபவருக்கென ஓர் அறை இருக்கட்டும். பின்பக்க லோடிங் பேயில் நிற்கவைக்காதீர்கள்.

கட்டடம் பலமாக இருந்தால் உள்ளே உள்ள வாக்குமூலம் பாதுகாப்பாக இருக்குமா?

சுவருக்கு அந்தச் சக்தி கிடையாது. 2001 முதல் சில ஆண்டுகள், முன்னாள் ஆயுதக் குழுவினர் பலரின் வாய்மொழிப் பதிவுகளை எடுத்து, அவர்கள் இறக்கும்வரை வெளியிடமாட்டோம் என்ற உறுதியோடு அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரியில் வைத்தார்கள். 2011-இல் பிரிட்டிஷ் காவல்துறையின் வேண்டுகோள் அமெரிக்க நீதிமன்றம் வழியாக வந்தபோது ஒலிநாடாக்களில் ஒரு பகுதியை ஒப்படைக்க வேண்டியதாயிற்று. அட்லாண்டிக் கடலே காக்கவில்லை, உங்கள் நான்கு மணி நேரக் கதவு என்ன செய்யும்? சட்டம் எதற்கு இடம் கொடுக்கிறதோ அதை மட்டுமே காப்பகம் உறுதியளிக்கலாம்.

குண்டடி பட்ட பழைய கட்டடத்தையே காப்பகமாக மாற்றினால் என்ன?

பெய்ரூட்டைப் பாருங்கள். உள்நாட்டுப் போரில் கிழக்கையும் மேற்கையும் பிரித்த கோட்டில், துப்பாக்கிக்காரர்கள் பதுங்கியிருந்து சுட்ட பரகாத் கட்டடத்தை, மோனா ஹல்லாக் என்ற கட்டடக் கலைஞர் பல ஆண்டு போராடி இடிக்கவிடாமல் காப்பாற்றினார். 'பெய்த் பெய்ரூட்' என்ற பெயரில் நகர நினைவு மையமாகச் சீரமைத்தார்கள். காயங்களை அழகாகவே விட்டுவைத்திருக்கிறார்கள். ஆனால் அதை நடத்த நிலையான நிர்வாகமும் தொகுப்பும் அமையாததால் நெடுங்காலம் அவ்வப்போது மட்டுமே திறந்தது. ஓடு இருந்தது, உயிர் இல்லை. பெல்ஃபாஸ்டில் மாணவர்களின் கண் கிரம்லின் சாலையிலுள்ள பாழடைந்த நீதிமன்றத்தின் மேல் விழும். நல்ல கட்டடம், ஆனால் அங்கே தண்டனை பெற்றவர்கள் இன்னும் ஊரில் நடமாடுகிறார்கள் என்பதை மறக்காதீர்கள்.

யாழ்ப்பாண நூலகத்தோடு இதை ஒப்பிடலாமா?

தமிழ் வாசகர்கள் தவறாமல் கேட்பது. எரித்ததும் இழந்ததும் ஒப்பிடத்தக்கவை: 1981-இல் சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் போயின. நகரம் என்ற வகையில் ஒப்புமை சரிவராது, யாழ்ப்பாணம் தெருவுக்குத் தெரு பிரிந்த ஊர் அல்ல. ஒரு வடிவமைப்புக் கேள்வி மட்டும் பொது. எரிந்த எலும்புக்கூட்டைச் சாட்சியாக நிறுத்துவதா, பழையபடி வெள்ளையடித்துத் திறப்பதா என்ற விவாதம் அங்கே நடந்தது, திறந்தார்கள். பிள்ளைகள் படிக்க இடம் கிடைத்தது, சாட்சி மறைந்தது. இரண்டையும் ஒரே கட்டடத்தில் வைத்திருக்க முடியாதா என்பது இன்னும் வரைந்து பார்க்க வேண்டிய கேள்வி.

எல்லாமே டிஜிட்டல் ஆகிவிட்டால் கட்டடம் எதற்கு?

அல்ஸ்டர் உடன்படிக்கைக் கையெழுத்துகளை இன்றே வீட்டிலிருந்து பார்க்கலாம், அது நல்லது. எரிந்த டப்ளின் பெட்டகத்தையே 2022-இல் கணினியில் மறு உருவாக்கம் செய்தார்கள். ஆனால் மூடிய கோப்பை இணையத்தில் போடமாட்டார்கள், மூலத்தாளை எங்காவது வைத்துத்தான் ஆக வேண்டும்.

தீசிஸ் ஷீட்டில் கட்டாயம் இருக்க வேண்டியவை?

கிடங்கும் வாசிப்பறையும் பிரியும் இடத்தைக் காட்டும் ஒரு பெரிய செக்‌ஷன் (குறுக்குவெட்டு வரைபடம்). ஃபால்ஸிலிருந்தும் ஷாங்கிலிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வாசலுக்கு நடந்தும் பேருந்திலும் ஆகும் நேரத்தைக் குறித்த வரைபடம்; இரவு நேரத்துக்குத் தனியாக, பூட்டிய கதவுகளோடு. பதிவு மேசை 1:20 அளவில். குடும்பத்தினர் கோப்புப் பார்க்கும் அறை, அதே அளவில். முகப்புத் தோற்றத்தை ரென்டர் செய்ய எடுக்கும் நேரத்தில் பாதியை இவற்றுக்குக் கொடுங்கள். கடைசியாக, அடுத்த ஐம்பது ஆண்டு ஆவணங்களுக்கான விரிவாக்க இடத்தைப் புள்ளிக்கோட்டில் காட்டுங்கள். அதை வாசலுக்கு எதிர்ப்பக்கத்தில் வையுங்கள், இல்லையென்றால் இருபதாவது ஆண்டில் சதுக்கத்தைத்தான் தின்பார்கள்.